சொந்தமாகச் சீட்டு விளையாட்டு செய்கிறவர்களுக்கு: நான் ஏமாந்த கதை

2024 பிப்ரவரியில் ஒரு காலை. அடுப்பில் பால் வைத்துவிட்டு வாட்ஸாப்பைத் திறந்தால், என் விளையாட்டின் குழுவிலிருந்து என்னையே நீக்கியிருந்தார்கள். விதிகளை எழுதியவள் நான். இரண்டு வருடம் வீட்டுக்கு வந்தவர்களை எல்லாம் பிடித்து உட்கார வைத்து விளையாடச் சொன்னவளும் நான். குழுவில் 640 பேர் இருந்தார்கள். முந்தின நாள் இரவு நான் அங்கே கேட்டது ஒரே கேள்வி: "முன்பதிவுப் பணம் மொத்தம் எவ்வளவு வந்திருக்கிறது, கணக்கைக் காட்ட முடியுமா?" தனியாக மூன்று முறை கேட்டுப் பதில் வராததால்தான் பொதுவில் கேட்டேன். பொழுது விடிவதற்குள் வெளியே தள்ளிவிட்டார்கள்.

அச்சு, விற்பனை, குழு எல்லாவற்றையும் நான் நம்பி ஒப்படைத்த நிறுவனம்தான் இதைச் செய்தது. அதன் பெயரை இங்கே போடவில்லை. வக்கீல் நோட்டீஸ் நடப்பில் இருக்கிறது. விளையாட்டின் பெயரையும் சொல்லவில்லை, சொன்னால் விளம்பரம் என்பார்கள். ஆனால் அவர்கள் சொன்ன வாக்கியத்தை மட்டும் அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் இதே வாக்கியத்தை உங்களிடமும் யாராவது சொல்வார்கள்: "அக்கா, நீங்க கேமை மட்டும் பாருங்க. பிரிண்டிங், ஆர்டர், குரூப் எல்லாம் நாங்க பாத்துக்கறோம்."

விளையாட்டு கல்யாணப் பந்தியைப் பற்றியது. 108 சீட்டு. கையில் வரும் சீட்டை வைத்து இலையை நிரப்ப வேண்டும், பக்கத்து இலை அப்பளத்தைத் திருடலாம், பாயசம் வந்தால் கை முடியும். 2021 ஊரடங்கில் பழைய விசிட்டிங் கார்டுகளின் பின்பக்கம் எழுதித் தொடங்கியது. சொந்தக்காரர்கள் பலர் முதலில் ரம்மி என்றே நினைத்தார்கள். "பொம்பளப் புள்ளைக்கு சீட்டாட்டம் எதுக்கு" என்று பெரியப்பா ஒருவர் கேட்டார். அவரேதான் பிறகு பாயசச் சீட்டை வேட்டி மடிப்பில் ஒளித்து வைத்துப் பிடிபட்டார்.

2023 ஜூனில் சென்னையில் விளையாட்டு ஆர்வலர்கள் கூடும் ஒரு சந்திப்பில் அந்த நிறுவனத்துத் தம்பியைப் பார்த்தேன். நல்ல பேச்சு. எக்ஸ்ப்ளோடிங் கிட்டன்ஸ் என்ற சீட்டு விளையாட்டின் கதையைச் சொன்னார்: 2015-ல் கிக்ஸ்டார்ட்டர் என்ற, பலரிடம் முன்கூட்டியே பணம் திரட்டும் தளத்தில் 2,19,382 பேர் சேர்ந்து 87 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார்கள், அதுவும் ஒரு சீட்டுக்கட்டுதானே அக்கா என்றார். கதை உண்மைதான். ஆனால் இந்தியாவில் இருந்துகொண்டு கிக்ஸ்டார்ட்டரில் திட்டம் தொடங்க முடியாது. அதனால் நாமே முன்பதிவு நடத்தலாம், பணம் எங்கள் கியூஆருக்கு வரட்டும், உங்களுக்கு எதற்குத் தலைவலி என்றார். எனக்கும் பள்ளிக்கூட வேலை, வீடு, குழந்தை. தலைவலி வேண்டாம் என்றுதான் தோன்றியது.

சேவைக் கட்டணம் 45,000 ரூபாய். அச்சுக்கு முன்பணம் 60,000. கட்டண ரசீதில் ஜிஎஸ்டி 18 சதவீதம் என்று போட்டிருந்தது, ஜிஎஸ்டி எண் போடவில்லை. இதை நான் கவனித்தது எட்டு மாதம் கழித்து. தமிழ்நாட்டில் பதிவானதாக இருந்தால் 33-ல் தொடங்கும் 15 இலக்க எண் ஒன்று இருக்க வேண்டும், அதை ஜிஎஸ்டி தளத்தில் போட்டால் யார், எந்த முகவரி, பதிவு உயிரோடு இருக்கிறதா என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். எண்ணே இல்லாமல் வரி வாங்கியிருக்கிறார்கள் என்றால் அந்த வரி எங்கே போயிருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஆகஸ்டில் முன்பதிவு தொடங்கியது. பெட்டி 499 ரூபாய். 312 பேர் பணம் கட்டினார்கள், ஆக 1,55,688 ரூபாய். தீபாவளிக்குள் கையில் இருக்கும் என்று அறிவித்தார்கள். தீபாவளி போனது. "சிவகாசியில ஓடிட்டிருக்கு அக்கா, அடுத்த வாரம்" என்றார்கள். டிசம்பரிலும் அடுத்த வாரம்தான்.

சிவகாசி எப்படி இயங்குகிறது என்று எனக்குத் தெரிந்திருந்தால் அப்போதே சந்தேகம் வந்திருக்கும். ஆடிப்பெருக்கு அன்று அங்கே அடுத்த வருடக் காலண்டர் ஆல்பங்களை வெளியிடுவார்கள். அதற்குப் பிறகு டிசம்பர் வரை காலண்டர், டைரி என்று ஆர்டர் குவியும். அந்த நேரத்தில் புதிதாக ஒரு சின்ன வேலையைக் கொண்டுபோய்த் தேதி வாங்குவது லேசில்லை. ஆகஸ்டில் பணம் வாங்கிக்கொண்டு தீபாவளிக்குத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், ஒன்று அவருக்கு அச்சுத் தொழில் தெரியாது, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று அவருக்குத் தெரியும்.

ஜனவரியில் 30 பெட்டி என் வீட்டுக்கு வந்தது. பெட்டி அழகாகத்தான் இருந்தது. அன்று மாலை பக்கத்து வீட்டுப் பையன், பத்து வயது, இரண்டு ஆட்டம் விளையாடிவிட்டு, "ஆன்ட்டி, உங்க கையில பாயசம் இருக்கு" என்றான். எப்படிடா என்றேன். "பின்னாடி பாத்தாலே தெரியுதே."

சீட்டு விளையாட்டுக்குப் பின்பக்கம்தான் உயிர். 108 சீட்டின் முதுகும் ஒன்றுபோல இல்லாவிட்டால் அது விளையாட்டே இல்லை. என் சீட்டுகளை 54, 54 ஆக இரண்டு தாளில் அச்சடித்திருந்தார்கள், வேறு வேறு நாளில். ஒரு தாளின் முதுகு மெரூன், இன்னொன்று செங்கல் நிறம். பாயசம், வடை எல்லாம் செங்கல் நிறத் தாளில். வெட்டும் சரியில்லை. சில சீட்டுகளில் ஓர வெள்ளைக் கோடு ஒரு பக்கம் தடிப்பாக, மறுபக்கம் மெலிதாக. போதாததற்கு, ஜன்னல் பக்கம் உட்கார்ந்தவர் கையை எதிரில் இருப்பவர் அப்படியே படித்துவிடலாம், வெளிச்சம் ஊடுருவியது. சீட்டுக்கென்றே வரும் அட்டையில் இரண்டு தாளுக்கு நடுவே கருமையான பசை இருக்கும், அதுதான் வெளிச்சத்தை மறைக்கும். மாதிரி என்று எனக்கு முதலில் காட்டிய நாலு சீட்டு அந்த அட்டைதான். பெட்டியில் வந்தது அழைப்பிதழ் அடிக்கிற சாதாரண ஆர்ட் கார்டு, முன்பக்கம் மட்டும் லேமினேஷன். ஒரே வாரத்தில் சீட்டெல்லாம் அப்பளம் மாதிரி வளைந்தது. கருப்பொருளுக்குப் பொருத்தம் என்று என் தங்கை சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இதில் என் தவறும் உண்டு. அச்சுக்கு முன் சரிபார்க்கத் தரும் ப்ரூஃபை வாட்ஸாப் படத்தில் பார்த்து ஓகே சொன்னவள் நான். போன் திரையில் அட்டையின் கனத்தைப் பார்க்க முடியுமா?

திருச்சியிலிருந்து பஸ் ஏறிச் சிவகாசிக்குப் போனேன். பெட்டியின் அடியில் இருந்த சின்ன எழுத்தை வைத்து அச்சகத்தைக் கண்டுபிடித்தேன். அந்த அண்ணாச்சி மோர் கொடுத்து உட்கார வைத்து ஆர்டர் புத்தகத்தைத் திறந்து காட்டினார். எனக்கு 500 பெட்டிக்கு விலை சொல்லியிருந்தார்கள். அவரிடம் வந்த ஆர்டர் 200. அட்டை எது என்று கேட்டதற்கு "இருக்கிறதிலேயே விலை கம்மியானதைப் போடுங்க" என்று பதில் வந்திருக்கிறது. "நேரே வந்திருந்தா நல்ல அட்டையிலேயே அடிச்சுத் தந்திருப்பேனே தாயி" என்றார். ஆக 200-ல் 30 எனக்கு, 170 வாங்கியவர்களுக்கு. மீதி 142 பேருக்கு அந்த மட்டமான கட்டுகூடக் கிடையாது.

அதற்கடுத்த வாரம்தான் நான் கணக்குக் கேட்டதும் குழுவிலிருந்து வெளியேற்றப்பட்டதும்.

குழுவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பணம் போனதைவிட இதுதான் என்னைப் படுத்தியது. குழுவை அந்தத் தம்பி தன் எண்ணில் தொடங்கினார். என்னை அட்மின் ஆக்கினார், நானும் அதுவே போதும் என்று இருந்தேன். வாட்ஸாப்பில் குழுவை உருவாக்கியவரை மற்ற அட்மின்கள் நீக்க முடியாது. அவர் நினைத்தால் நம் அட்மின் பதவியை எடுக்கலாம், நம்மையே எடுக்கலாம். கல்லூரிப் பிள்ளைகளுக்காக டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியிலும் ஓர் இடம் வைத்திருந்தோம். அங்கேயும் இதே கதை: எல்லா அதிகாரமும் கொடுத்த அட்மின் வேறு, உரிமையாளர் வேறு. உரிமையாளரை யாரும் வெளியேற்ற முடியாது, அவர் நினைத்தால் மொத்த இடத்தையும் அழித்துவிடலாம். உரிமையை மாற்றித் தரச் சொல்லி வாங்க வழி இருக்கிறது, ஆனால் அவராக மாற்றித் தர வேண்டும். சண்டை வந்த பிறகு எவன் தருவான்? டெலிகிராமில் மனம் வந்து தருவதாக இருந்தால்கூட, இரண்டடுக்குக் கடவுச்சொல்லைப் போட்டு ஏழு நாளாவது ஆகியிருந்தால்தான் கைமாற்ற விடும். அவர் தொடங்கியபோது நான் "தம்பி, என் எண்ணில் தொடங்குவோம்" என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும், அரை நிமிட வேலை.

என்னை நீக்கிய பிறகு குழுவில் ஓர் அறிவிப்பு போட்டார்கள்: "விளையாட்டை உருவாக்கியவர் தரப்புத் தாமதத்தால் விநியோகம் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது." உள்ளே இருந்த தோழி ஒருத்தி படம் எடுத்து அனுப்பினாள். வாங்கியவர்களுக்கு அந்த நிறுவனத்தின் பெயரே தெரியாது. அவர்களுக்குத் தெரிந்தது என் முகம், வீடியோவில் நான் அப்பளச் சீட்டைக் காட்டிச் சிரித்த முகம். ஏமாற்றுக்காரி என்று எனக்கே செய்தி வந்தது. என் அம்மாவுக்கு விஷயம் தெரிந்ததும், "சீட்டு நடத்தி ஓடிப்போனவங்களைக் கேள்விப்பட்டிருக்கேன், சீட்டு விளையாட்டுலயுமாடி?" என்று கேட்டார்.

ஒருவர் ஓர் அமெரிக்க வழக்கின் செய்தியை அனுப்பி, இதைப் படித்துப் பாருங்கள் என்றார். அசைலம் என்ற சீட்டுக்கட்டுக்காக 2012-ல் கிக்ஸ்டார்ட்டரில் 810 பேர் 25,146 டாலர் கொடுத்திருக்கிறார்கள். சொன்ன தேதிக்குக் கட்டு வரவில்லை. வாஷிங்டன் மாநில அட்டர்னி ஜெனரல் 2014-ல் வழக்குப் போட, அடுத்த வருடம் நீதிமன்றம் 54,000 டாலருக்கு மேல் கட்டச் சொன்னது. அந்த வழக்கில் மாட்டிக்கொண்டது பணம் திரட்டியவர். என் விஷயத்தில் பணம் என் கைக்கு வரவே இல்லை, ஆனால் திரட்டியது என் விளையாட்டின் பெயரில். இரவு இரண்டு மணிக்கு உட்கார்ந்து படித்தேன். அனுப்பியவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் இடத்தில் நானும் அதைத்தான் அனுப்பியிருப்பேன்.

இணையப் பண மோசடிகளுக்கான உதவி எண் 1930-க்கு அழைத்தேன். புகார் எண் கொடுத்தார்கள். ஆனால் பணம் அனுப்பி மாதக்கணக்கு ஆகிவிட்டதால் அந்தக் கணக்கில் நிறுத்தி வைக்க எதுவும் மிச்சமில்லை. காவல் நிலையத்தில், எழுத்தில் ஒப்பந்தம் இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை, எல்லாம் குரல் செய்தி. சிவிலில் பாருங்கள் என்றார்கள். வக்கீல் நோட்டீஸ் போன பிறகு இரண்டு தவணையாக 40,000 ரூபாய் திரும்ப வந்தது. அதோடு சரி.

சீட்டில் இருந்த ஓவியங்களிலும் ஒரு சிக்கல் இருந்தது, நல்லவேளை தப்பித்தேன். ஓவியரை ஏற்பாடு செய்தது அவர்கள். அவருக்கும் பாதிப் பணம் பாக்கி. நம் பதிப்புரிமைச் சட்டத்தில் (காப்பிரைட்) உரிமையை எழுத்தில்தான் மாற்றித் தர முடியும். எழுத்திலும் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம்தான், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். என்னிடம் அந்த எழுத்தும் இல்லை. அதாவது, நான் காசு கொடுத்த அப்பளப் படமும் வடைப் படமும் என்னுடையவை என்று காட்ட என்னிடம் எதுவும் இல்லை. கும்பகோணத்துப் பையனான அந்த ஓவியரைத் தேடிப் போய் பாக்கியைக் கொடுத்தேன், அவர் மனமார எழுதிக் கொடுத்தார். விதிகளைப் பொறுத்தவரை, ஆட்ட முறைக்குப் பதிப்புரிமை கிடையாது. அதே ஆட்டத்தை வேறு படம் போட்டு அவர்கள் விற்றால் நான் வேடிக்கைதான் பார்க்க வேண்டும். பெயரையாவது காப்பாற்றலாம் என்று விளையாட்டுப் பொருட்களுக்கான 28-ஆம் வகுப்பில் வணிகக் குறிக்கு நானே இணையத்தில் விண்ணப்பித்தேன். தனிநபருக்கு 4,500 ரூபாய் கட்டணம்.

வளையலை அடகு வைத்து, மார்ச்சில் அதே அண்ணாச்சியிடம் 350 பெட்டி அடித்தேன். இந்த முறை மெஷின் பக்கத்திலேயே நின்றேன். அவர் ஒரு வேலை செய்தார்: முதலில் எல்லாத் தாளுக்கும் பின்பக்கத்தை ஒரே பிளேட்டில், ஒரே ஓட்டத்தில் அடித்துவிட்டு, அப்புறம்தான் முன்பக்கங்களுக்குப் போனார். எல்லா முதுகும் ஒரே மெரூன். பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்தேன். பத்து நிமிடம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இப்ப தெரியல ஆன்ட்டி" என்று கொஞ்சம் ஏமாற்றத்தோடு திருப்பித் தந்தான்.

ஆனால் யாருக்கு அனுப்புவது? 312 பேரின் பெயரும் முகவரியும் அந்த நிறுவனத்திடம்தான் இருந்தன, இன்றுவரை தரவில்லை. தோழி மூலமாகவும் தெரிந்தவர்கள் மூலமாகவும் சொல்லி, பணம் கட்டிய யுபிஐ படத்தை அனுப்பியவர்களாகப் பார்த்து இதுவரை 227 பேரைக் கண்டுபிடித்துவிட்டேன். அவர்களுக்கெல்லாம் புதுக் கட்டு போய்விட்டது. வளைந்த கட்டு வாங்கியவர்களுக்கும்தான்.

இன்னும் 85 பேர். 2023 ஆகஸ்டுக்குப் பிறகு பந்தி விளையாட்டு ஒன்றுக்கு 499 ரூபாய் கட்டிவிட்டு, போனால் போகிறது என்று விட்டுவிட்டவர் நீங்கள் என்றால், கட்டிய படத்தை எனக்கு அனுப்புங்கள். படம் அழிந்திருந்தால் கட்டிய தேதியையும் வங்கிக் கணக்கில் வந்த அந்த வரியையும் அனுப்பினால் போதும். உங்கள் பெட்டி என் வீட்டுப் பரணில் இருக்கிறது.