கேட் கோச்சிங்: 'ஈஎம்ஐ' என்று சொல்லி அப்பா பெயரில் கடன் போட்டார்கள்

கேட் (CAT) என்கிற எம்பிஏ நுழைவுத் தேர்வுக்குக் கோச்சிங் சேரப் போகிறவர்கள், 'ஜீரோ பர்சன்ட் ஈஎம்ஐ' என்று யாராவது சொன்னால் கையெழுத்துப் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள். ஏற்கெனவே சேர்ந்துவிட்டவர்கள் கட்டாயம் படியுங்கள். சென்டர் பெயரையும் கடன் கொடுத்த கம்பெனியின் பெயரையும் எழுதவில்லை. வழக்குப் போடும் வேலையில் இருக்கிறோம்.

பி.காம். முடித்துவிட்டு மதுரையில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். 2024 ஏப்ரலில் கோச்சிங் சேர்ந்தேன். டெமோ வகுப்பு எடுத்த சார் ஒரு டிஐஎல்ஆர் செட்டை (அட்டவணை, தர்க்கப் புதிர் வகைக் கேள்விகளின் தொகுப்பு) போர்டில் எழுதி, இதைத் தொடலாமா விட்டுவிடலாமா என்று முதல் இரண்டு நிமிடத்தில் முடிவு செய்வது எப்படி என்று காட்டினார். அவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. அவருக்காகத்தான் சேர்ந்தேன். அதன் பிறகு அவரை இரண்டே முறைதான் பார்த்தேன்.

ஃபீஸ் 65,000 ரூபாய். 18% ஜிஎஸ்டி சேர்த்து 76,700. "மொத்தமா கட்ட வேணாம்மா. இப்ப 6,700 கட்டிருங்க, மீதியை மாசம் 7,000 வீதம் பத்து மாசம் கட்டுங்க. வட்டியே கிடையாது" என்றார் சென்டரில் அட்மிஷன் பார்க்கும் கவுன்சிலர் அக்கா. அப்பாவின் ஆதார், பான் கேட்டார்கள். அப்பா வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். போன் வந்தால் எடுப்பார், வாட்ஸ்அப் பார்ப்பார், அதோடு சரி. அவர் போனை வாங்கி அந்த அக்காவே எல்லாவற்றையும் தட்டினார். ஒரு செல்ஃபி, ஓர் ஓடிபி, இன்னோர் ஓடிபி. "என்னம்மா இதெல்லாம்?" என்று அப்பா கேட்டதற்கு, "இன்ஸ்டால்மென்ட் ரெஜிஸ்ட்ரேஷன் சார்" என்றார். ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிற நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். எனக்கும் உறைக்கவில்லை.

அந்தப் பத்து நிமிடத்தில் ஒரு நிதி நிறுவனம் அப்பா பெயரில் 70,000 ரூபாய் கடன் போட்டது. இரண்டே நாளில் முழுப் பணமும் சென்டர் கணக்குக்குப் போய்விட்டது. வகுப்பு நடந்தாலும் நடக்காவிட்டாலும் அப்பா கணக்கிலிருந்து மாதம் 7,000 தானாகவே போகும்.

டிஜிட்டல் கடன் கொடுக்கிறவர்கள் கடன் விவரம் முழுவதையும் ஒரே தாளில் தர வேண்டும், குறிப்பிட்ட நாட்களுக்குள் அபராதம் இல்லாமல் கடனிலிருந்து விலகிக்கொள்ளும் வாய்ப்பும் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022லேயே விதி போட்டிருக்கிறது. அந்தத் தாள் எங்களுக்கு வரவே இல்லை. அப்பாவுக்கு இமெயில் கிடையாது. ஃபாரத்தில் இருந்த இமெயில் முகவரி கவுன்சிலரே தட்டிப் போட்டது. எல்லாத் தாளும் அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. இது எனக்குத் தெரியவந்தது ஒன்றரை வருடம் கழித்து.

வகுப்பைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. ஜூலையில் இரண்டு பேட்சை ஒன்றாக்கினார்கள், செப்டம்பரில் நேரடி வகுப்பு நின்று வீடியோ லிங்க் மட்டும் வந்தது. ஆனால் அவர்கள் கொடுத்த மெட்டீரியலைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அவர்கள் வைத்த மாக் (மாதிரித் தேர்வு) எல்லாம் 100 கேள்வி, மூன்று மணி நேரம், ஒரு பகுதிக்கு 60 நிமிடம். அது 2019 வரை இருந்த முறை. 2020லிருந்தே கேட் இரண்டு மணி நேரத் தேர்வாகிவிட்டது; ஒரு பகுதிக்கு 40 நிமிடம்தான். 2024ல் மொத்தம் 68 கேள்வி. ஆகஸ்டில் ரெஜிஸ்ட்ரேஷன் தொடங்கியபோது ஐஐஎம்களின் கேட் தளத்துக்குள் போனதால்தான் இந்த நேரக் கணக்கைப் பார்த்தேன். நான்கு மாதம் தப்பான வேகத்தில் பழகியிருந்தேன். நவம்பர் 24 அன்று எழுதியதில் 71 பர்சன்டைல் வந்தது, அதாவது எழுதியவர்களில் நூற்றுக்கு 71 பேரைவிட மேலே. அந்தத் தளத்திலேயே மாக் இலவசமாகக் கிடைக்கிறது. சேரும் முன் அதைத் திறந்து பார்த்துவிட்டு, சென்டரின் மாக்கை அதோடு ஒப்பிட்டுக் கேள்வி கேளுங்கள்.

சுவரில் ஒட்டியிருந்த '99 பர்சன்டைல்' படங்களில் இருந்த ஒரு பெண்ணை லிங்க்ட்இனில் தேடிக் கேட்டேன். ஒரே ஒரு மாக் இன்டர்வியூவுக்குப் போனதோடு சரி என்றார். 2024 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கோச்சிங் விளம்பரங்களுக்கு வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. தேர்ச்சி பெற்ற பிறகு மாணவரிடம் எழுத்துப்பூர்வ சம்மதம் வாங்காமல் படம் போடக் கூடாது. அவர் என்ன கோர்ஸ் படித்தார் என்பதையும் சொல்ல வேண்டும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "ரீஃபண்ட் கிடையாது, கையெழுத்துப் போட்டிருக்கீங்களே" என்றார் மேனேஜர். கோபத்தில் அக்டோபரிலிருந்து நாங்கள் தவணையை நிறுத்தினோம். அதுதான் நாங்கள் செய்த பெரிய தப்பு. கணக்கிலிருந்து தவணை போகாததற்கான அபராதம், பவுன்ஸ் சார்ஜ், மாதாமாதம் ஏறியது. பட்டறைக்குப் போன் மேல் போன்.

2025ல் தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் எம்பிஏ சேர்வதற்கான டான்செட் தேர்வு எழுதி, கவுன்சலிங்கில் கோவையில் ஒரு கல்லூரி கிடைத்தது. கல்விக் கடனுக்குப் பெற்றோர் இணைக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட வேண்டும். பேங்க் மேனேஜர் ஸ்கிரீனைத் திருப்பி அப்பாவின் சிபில் ரிப்போர்ட்டை (வாங்கிய கடன்களை எப்படிக் கட்டினார் என்ற பதிவு) காட்டினார். பல மாத நிலுவை, வசூலாகாத கடன். பைக் லோனை ஒரு நாள்கூடத் தள்ளிக் கட்டாத மனுஷன் அப்பா. "நான் எங்கேயும் கடன் வாங்கலையே சார்" என்று மூன்று முறை சொன்னார். வீடு வந்து சேரும் வரை என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. முதல் செமஸ்டருக்கு அம்மாவின் வளையல் அடகுக்குப் போனது.

இதே நிலையில் இருப்பவர்கள் தவணையைச் சட்டென்று நிறுத்தாதீர்கள். நிதி நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு முதலில் மெயில் போடுங்கள். போனில் பேசியதற்குச் சாட்சி இல்லை. 30 நாளில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் சரியில்லாவிட்டால், ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் ஆன்லைனில் புகார் கொடுக்கலாம், செலவு இல்லை. நாங்கள் கொடுத்த பிறகுதான் பவுன்ஸ் சார்ஜைத் தள்ளுபடி செய்தார்கள். மீதி 35,000ஐக் கட்டிக் கடனை முடித்துக் கடிதமும் வாங்கிவிட்டோம். சென்டர் மீது தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல் புகார் செய்தேன். 15,000 தருகிறோம், புகாரை வாபஸ் வாங்கிக் கடிதம் கொடுங்கள் என்றார்கள். மறுத்துவிட்டேன்.

அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். செலுத்திய தொகை ஐந்து லட்சம் வரை இருந்தால் அங்கே கட்டணம் கிடையாது. ஒரே பாதிப்புள்ள பலர் ஆணையத்தின் அனுமதியோடு சேர்ந்தும் வழக்குத் தொடுக்கலாம். எங்கள் பேட்சில் 34 பேர். இதுவரை ஆறு பேர் சேர்ந்திருக்கிறோம். மற்றவர்கள் ரசீதையும், பேங்க் ஸ்டேட்மென்டையும், சென்டரின் வாட்ஸ்அப் மெசேஜ்களையும் அழிக்காமல் எடுத்து வையுங்கள்.