மசக்கைக்கு இஞ்சித் தண்ணீரா, டப்பா மூலிகைத் தேநீரா?

கேரள எல்லையோரம் எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் உணவகத்தில் உட்கார்ந்தால் இளஞ்சிவப்பு வெந்நீரைக் கொண்டுவந்து வைப்பார்கள். பதிமுகக் கட்டை போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீர். வாளையாரைத் தாண்டி வரும் கோயம்புத்தூர்ச் சொந்தங்கள் "இதென்ன, சாயமா?" என்று கேட்பார்கள். எனக்கோ சிறுவயது முதல் அதுதான் தண்ணீர். இரண்டாம் மாதம் மசக்கை முற்றிய பிறகுதான் அந்தத் தம்ளரையே சந்தேகத்தோடு பார்த்தேன். சீன வைத்தியத்தில் இதே கட்டை ரத்த ஓட்டத்தைத் தூண்டும் மருந்து. கர்ப்பிணிகளுக்கு எச்சரிக்கை சொல்லித்தான் கொடுக்கிறார்கள். வெளிறிய உணவகத் தண்ணீர் மருந்தளவு இல்லைதான். இருந்தாலும் பிரசவம் வரை விட்டுவிட்டேன்.

உண்மையான போட்டி வேறு இரண்டுக்கு நடுவில். ஒன்று, அத்தை தட்டிப்போடும் இஞ்சித் தண்ணீர். மற்றொன்று, நாத்தனார் பாலக்காட்டில் வாங்கிவந்த, பிள்ளைத்தாய்ச்சி படம் போட்ட மூலிகைத் தேநீர் டப்பா. ருசியில் டப்பாதான் ஜெயித்தது, மறைப்பானேன். விலையில் இஞ்சி. காஃபின் இரண்டிலும் இல்லை.

என்னை முடிவெடுக்க வைத்தது டப்பாவின் பின்புறம். பொடி எழுத்தில் ஒன்பது பெயர்கள். எடை அதிகமானது முதலில் வரும்படி வரிசைப்படுத்தியிருந்தார்கள். எது எத்தனை கிராம் என்று இல்லை. மூன்றாவதாக நின்றது அதிமதுரம். தொண்டைக்கட்டுக்கு நல்லதுதான், ஆனால் அதிலுள்ள கிளைசிரைசின் என்ற இனிப்புப் பொருள் கூடினால் ரத்த அழுத்தம் ஏறும், உடம்பில் பொட்டாசியம் குறையும். பின்லாந்து அரசின் உணவு வழிகாட்டுதல் கர்ப்பிணிகள் அதைத் தவிர்க்கச் சொல்கிறது. ஆறாவது பெருஞ்சீரகம். சமையலில் தாளிக்கும் அளவுக்கு யாரும் தடை சொல்வதில்லை. தினமும் தேநீராகக் குடிப்பதை ஐரோப்பிய மருந்து முகமை கர்ப்பிணிகளுக்குப் பரிந்துரைக்கவில்லை, போதிய ஆய்வு இல்லை என்பதால். "மூலிகைதானே கண்ணு, என்ன செய்துவிடும்?" என்றார் அத்தை. மூலிகை என்பதால்தானே ஏதாவது செய்கிறது என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

இஞ்சியில் இந்தக் குழப்பம் இல்லை. ஒரே பொருள், அளவு என் கையில். மசக்கைக்கு நடந்த ஆய்வுகளில் பெரும்பாலும் நாளைக்கு ஒரு கிராம் அளவு இஞ்சிப்பொடியைத்தான் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். பச்சை இஞ்சியில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர் என்பதால் அது ஏறத்தாழ ஐந்து கிராமுக்குச் சமம். கணவரின் மளிகைக்கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன்: என் கட்டைவிரலின் மேல் கணுவளவு. அதைத் தோல் சீவி, நசுக்கி, கொதித்த தண்ணீரில் ஐந்து நிமிடம் மூடிவைத்து, காலையிலும் மாலையிலும் அரைத் தம்ளராகக் குடித்தேன். குமட்டல் அடியோடு போகவில்லை. பல் துலக்கும்போது வருவது மட்டும் நின்றது. அதுவே பெரிய புண்ணியம். மருத்துவரிடம் முதலிலேயே கேட்டுக்கொண்டேன். ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கட்டாயம் கேட்கவேண்டும்.

சுக்குக் காப்பி என்ற பெயரில் கிடைப்பதை மட்டும் இதோடு சேர்க்காதீர்கள். பல வீடுகளில் அதில் நிஜமாகவே காப்பித்தூள் போடுகிறார்கள். கர்ப்பிணிகளுக்கு நாளைக்கு 200 மில்லிகிராம் காஃபின்தான் உச்சவரம்பு. இதையும் அந்தக் கணக்கில் எழுதவேண்டும். கருப்பட்டியும் சர்க்கரைதான். சாதாரணத் தேநீர் குடிப்பதானால் இரும்புச்சத்து மாத்திரைக்கு ஒரு மணி நேரமாவது தள்ளி வையுங்கள். தேயிலையின் துவர்ப்பு இரும்பை உடம்பில் சேரவிடாது.

எட்டாம் மாதம் இஞ்சி நெஞ்செரிச்சலைக் கிளப்ப, சீரகத் தண்ணீருக்கு மாறினேன். ஆறு வாரம்தான் குடித்தேன், அதனால் பெரிதாகச் சிபாரிசு செய்யமாட்டேன். எரிச்சல் குறைந்தது சீரகத்தாலா, இஞ்சியை விட்டதாலா என்றும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

டப்பா இப்போது நாத்தனார் வீட்டில் இருக்கிறது. அவர் டியூஷன் எடுக்கிறவர். தொண்டைக்கு இதமாக இருக்கிறதாம்.