உள்ளே போடுவதா, மருந்து கொடுப்பதா?

தேர்தல் நேரத்தில் மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் போதைப்பொருள் பேச்சு வராத செராமா (அரசியல் கூட்டம்) இல்லை. "பிடித்து உள்ளே போடுவோம்" என்றால், பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மாரும் கைதட்டுகிறார்கள். அந்த வலி நியாயமானது. வழிதான் தவறு.

1952ஆம் ஆண்டு அபாயகர போதைப்பொருள் சட்டத்தின் 15ஆவது பிரிவில், உட்கொண்ட குற்றத்துக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது 2 ஆண்டு வரை சிறை. பையன் உள்ளே போனால் வேலை போகும். வேலையோடு தோட்டத்து வீடும் போகும். வெளியே வந்தபின் இன்னொரு ஆபத்து. இடைவெளியில் உடம்பின் தாங்குசக்தி குறைந்திருக்கும். பழைய அளவையே ஏற்றினால் மூச்சு நின்றுவிடலாம்.

இன்னொரு வழி நம் நாட்டிலேயே இருக்கிறது. ஹெராயினுக்குப் பதிலாக மருந்து கொடுக்கும் மெத்தடோன் சிகிச்சை 2005இல் தொடங்கியது, சுத்தமான ஊசி வழங்கும் திட்டம் 2006இல். அதற்கு முன் புதிய எச்.ஐ.வி. தொற்றில் பெரும்பகுதி ஊசி வழியே வந்தது. இன்று அது மிகச் சிறு பங்கு. காலையில் மருந்தாளர் கண்ணெதிரே ஒரு சின்னக் கோப்பை மருந்தைக் குடித்துவிட்டு, நேரே செம்பனைக் குலை வெட்டப் போகலாம். சம்பளம் வீட்டுக்கு வரும்.

ஆனால் மெத்தடோன் ஹெராயின் வகைக்குத்தான். சியாபு எனும் மெத்தம்பெட்டமினுக்கு அது உதவாது. அங்கே ஆலோசனையும் குடும்பத்தின் பொறுமையும் வேண்டும்.

ஓட்டுக் கேட்டு வருபவரிடம் இதைக் கேளுங்கள்: வேலைக்குப் போகுமுன் மருந்து கிடைக்க, கிளினிக்கை விடியற்காலையில் திறக்க வைப்பீர்களா?