மீட்டர் கேஜ் முதல் மெட்ரோ வரை: சென்னை ரயில்களோடு என் அனுபவம்

எண்பதுகளின் கடைசியில் கல்யாணமாகி குரோம்பேட்டைக்குக் குடிவந்தேன். வேலை பாரிமுனையில். பிறந்த வீடு திண்டுக்கல், அக்கா இருப்பது பெங்களூர். ஆகவே தினப்படிக்குக் கடற்கரை–தாம்பரம் எலெக்ட்ரிக் ட்ரெயின், ஊருக்குப் போக எழும்பூர், அக்கா வீட்டுக்குப் போக சென்ட்ரல் என்று மூன்றும் பழகிவிட்டன. அன்றிலிருந்து இன்றுவரை இவை எப்படியெல்லாம் மாறின, எது நிஜமாகவே நல்லதாயிற்று, எது கைவிட்டுப் போனது என்று எழுதிவைக்கத் தோன்றியது. அழகு, வேகம் எல்லாம் இருக்கட்டும். எனக்கு ஒரு நகரத்தின் ரயிலைப் பற்றிய முதல் கேள்வி, பெட்டியும் குழந்தையுமாக ஒரு வண்டியிலிருந்து இறங்கி அடுத்த வண்டியில் ஏற எவ்வளவு பாடு படவேண்டும் என்பதுதான்.

முதலில் தினமும் போன வண்டி. 1931-இல் இந்தத் தடத்தில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. இந்தியாவிலேயே பம்பாய்க்கு அடுத்து இங்கேதான். மாம்பலமும் கோடம்பாக்கமும் சைதாப்பேட்டையும் நகரத்தோடு ஒட்டிக்கொண்டதற்கு இந்தத் தண்டவாளம் பெரிய காரணம். நான் ஏறத் தொடங்கியபோது மீட்டர் கேஜ்தான். தண்டவாள அகலம் ஒரே ஒரு மீட்டர், பெட்டியும் அதற்கேற்ற குறுகல். கவுண்டரில் கெட்டி அட்டை டிக்கெட். அதை ஒரு இரும்புக் கருவியின் வாயில் கொடுத்து எடுத்தால் 'டக்' என்று தேதி பதிந்துவிடும். சின்னப் பிள்ளைகள் அந்த டிக்கெட்டுகளைச் சேர்த்து, ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைத்திருப்பார்கள்.

சாயந்திரம் கடற்கரையில் கிளம்பும் வண்டியின் மகளிர் பெட்டியைப் பற்றி நான் பக்கம் பக்கமாக எழுதுவேன். கடற்கரையில் ஏறினால் உட்கார இடம் கிடைக்கும். கோட்டையில் செகரட்டேரியட் கூட்டம் ஏறும். பூங்காவில் ஜி.எச். பார்த்துவிட்டு வருபவர்கள் கையில் எக்ஸ்ரே கவரோடு ஏறுவார்கள். எழும்பூர் தாண்டுவதற்குள் மடியில் செய்தித்தாளை விரித்து கீரை ஆயத் தொடங்கிவிடுவார்கள். எதிர் சீட்டுக்காரம்மா கேட்காமலே ஒரு பிடி எடுத்து உருவிக்கொடுப்பார். முல்லை வாங்கி வந்தவர் மாம்பலத்துக்குள் ஒரு முழம் தொடுத்து, நடுவில் கிள்ளி, பக்கத்தில் இருப்பவர் தலையில் வைத்துவிடுவார். பெட்டி குறுகல் என்பதால் எதிரில் இருப்பவரின் முழங்கால் நம் முழங்காலில் இடிக்கும், பேசாமல் எப்படி வருவது? என் மகளுக்கு வரன் சொன்னவரே அந்த வண்டியில் பழக்கமானவர்தான். ஹேர்பின், சமோசா, வேர்க்கடலை, ஊசி நூல் எல்லாம் வரும். சீப்பு விற்கும் பெரியவர் ஒருவர், ஏறும் பெண்களின் ஸ்டேஷனையெல்லாம் மனப்பாடமாக வைத்திருந்தார். யாராவது கண்ணயர்ந்தால், "குரோம்பேட்ட வந்துடுச்சு, எந்திரிம்மா" என்று தட்டி எழுப்பிவிட்டுத்தான் அடுத்த பெட்டிக்குப் போவார்.

அப்புறம் அகலப் பாதை வேலை தொடங்கியது. தொண்ணூறுகளின் பிற்பாதியிலிருந்து சில ஆண்டுகள், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கேஜும் இருந்தன. 1676 மில்லிமீட்டர் பாதையில் புதுப் பெட்டிகள் போகும்போது நம் பழைய வண்டி அதன் பக்கத்தில் எவ்வளவு சின்னது என்று அப்போதுதான் தெரிந்தது. 2004-இல் புறநகர்ப் பாதையில் மீட்டர் கேஜ் முற்றாக ஓய்ந்தது. நேர்மையாகச் சொன்னால், அகலப் பாதை வேண்டியதுதான். ஒரே பெட்டியில் கூடுதல் ஆட்கள், ஒன்பது பெட்டி வண்டிகள் பன்னிரண்டாக நீண்டது, செங்கல்பட்டு தாண்டியும் ஒரே வகை வண்டி போக முடிந்தது, இதெல்லாம் பெரிய விஷயம். தாம்பரத்துக்கு அப்பால் இன்று குடியிருக்கும் ஜனங்களை அந்தக் குறுகல் பெட்டிகள் தாங்கியிருக்கவே முடியாது. கீரை ஆய்வது மட்டும் குறைந்துவிட்டது. அதற்கு ரயிலைக் குறை சொல்ல முடியாது, எல்லோர் கையிலும் போன் வந்துவிட்டது.

சரி, எழும்பூருக்கு வருகிறேன். எனக்கு இந்த ஊரிலேயே பிடித்த கட்டடம் அது. ஹென்றி இர்வின் வடிவமைத்து, சாமிநாத பிள்ளை என்ற ஒப்பந்தக்காரர் கட்டி, 1908 ஜூனில் திறந்தது. சிவப்பும் வெள்ளையும், மேலே குவிமாடங்கள், உள்ளே போனதும் தலைக்கு மேல் அவ்வளவு உயரத்தில் கூரை. வெயிலில் ஆட்டோவிலிருந்து இறங்கி அந்தக் கூடத்துக்குள் காலை வைத்தால் உடம்பு சட்டென்று தணியும். அதைக் கட்டியவர்கள் பயணியைப் பற்றி யோசித்திருக்கிறார்கள் என்பதற்கு ஒரே அத்தாட்சி போதும். நான்காம், ஐந்தாம் பிளாட்பாரங்களுக்கு நடுவே வண்டிகள் வந்து நிற்க ஒரு சாலையே விட்டிருந்தார்கள். கார் ரயில் பெட்டியின் பக்கத்திலேயே வந்து நிற்கும். நடக்க முடியாத என் மாமனாரை ஒருமுறை அப்படித்தான் வைகை எக்ஸ்பிரஸுக்குக் கூட்டிப்போனோம். காரிலிருந்து பெட்டிக்குப் பத்து அடிகூட இல்லை. இன்று எந்தப் பெரிய நிலையத்திலும் எனக்கு அந்த வசதி கிடைப்பதில்லை.

தெற்கே போகும் வண்டி எல்லாம் எழும்பூரில்தான். பாண்டியன், வைகை, நெல்லை, மலைக்கோட்டை, ராமேஸ்வரம் வண்டி. வைகை 1977 சுதந்திர தினத்தன்று ஓடத் தொடங்கியது. மீட்டர் கேஜில் அந்த வேகம் அன்று பெரிய பேச்சு. மின்கம்பி விழுப்புரம் வரைதான் இருந்தது. எழும்பூரிலிருந்து இழுத்துவந்த மின்சார எஞ்சினைப் பல வண்டிகளுக்கு அங்கே கழற்றிவிட்டு டீசல் மாட்டுவார்கள். நடு ராத்திரியில் பெட்டி ஒரு குலுக்கு குலுங்கும், "காப்பி காப்பி" என்ற குரல் ஜன்னலோரம் நகரும், குழந்தைகள் எழுந்துகொள்ளும். ஜப்பானிலிருந்து அறுபதுகளில் வந்த அந்த 'யாம்' வகை எஞ்சின்களை ரயில் பைத்தியங்கள் இன்றும் ஆசையாகப் பேசுவார்கள். மீட்டர் கேஜ் போனதும் அவற்றுக்கும் வேலை இல்லாமல் போயிற்று.

இப்போது என் பழைய குறைக்கு வருகிறேன். பெங்களூரிலிருந்து அக்கா குடும்பத்தோடு வந்து, எல்லோருமாகத் திண்டுக்கல் போவது எங்கள் கோடை விடுமுறை வழக்கம். அவர்கள் இறங்குவது சென்ட்ரல். ஏற வேண்டியது எழும்பூர். இரண்டுக்கும் நடுவே இரண்டு கிலோமீட்டர்கூட இருக்காது. ஆனால் அந்த இரண்டு கிலோமீட்டர்தான் பயணத்திலேயே கஷ்டமான பகுதி. ஆட்டோக்காரரோடு பேரம் பேசவேண்டும். இல்லாவிட்டால் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சுரங்கப்பாதையில் இறங்கி, பூந்தமல்லி நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் ஏறி, பூங்கா நிலையத்தில் எலெக்ட்ரிக் ட்ரெயின் பிடித்து, ஒரே ஒரு ஸ்டேஷன் போய் இறங்கவேண்டும். மழைக்காலத்தில் அந்தச் சுரங்கப்பாதையை நினைத்தாலே வயிற்றைக் கலக்கும்.

இந்தப் பிரிவினைக்குக் காரணம் கம்பெனிகளும் கேஜும். மெட்ராஸ் ரயில்வே கம்பெனி அகலப் பாதை போட்டு மேற்கேயும் வடக்கேயும் போனது. அதன் நிலையம் முதலில் ராயபுரம், 1873-இலிருந்து சென்ட்ரல். தென்னிந்திய ரயில்வே கம்பெனி மீட்டர் கேஜில் தெற்கே போனது, அதற்கு எழும்பூர். 1951-இல் எல்லாம் சேர்ந்து தெற்கு ரயில்வே ஆனபோதும் தண்டவாளத்தின் அகலம் சேரவில்லை. சென்ட்ரலோ முட்டுச்சந்து நிலையம், வண்டி உள்ளே வந்த வழியேதான் வெளியே போகவேண்டும். ஆகவே கேஜ் ஒன்றான பிறகும் பயணி நடுவில் இறங்கி மாறத்தான் வேண்டியிருந்தது.

2018 மே மாதம் மெட்ரோவின் நேரு பூங்கா–சென்ட்ரல் பகுதி திறந்தபோது, எழும்பூரும் சென்ட்ரலும் அடுத்தடுத்த நிறுத்தங்களாகிவிட்டன. எழும்பூர் கட்டடம் திறந்து நூற்றுப்பத்து வருஷம் கழித்து! நான் பார்த்த மாற்றங்களிலேயே எனக்கு மிகப் பெரியது இதுதான். அந்தக் கோடையில் அக்காவை முதல்முதலாக அப்படிக் கூட்டிப்போனபோது இருவருக்கும் பேச்சே வரவில்லை. தரைக்கடியில் இருக்கும் சென்ட்ரல் மெட்ரோ நிலையம், பூங்கா ஸ்டேஷன், ஜி.எச்., ரிப்பன் கட்டடம் ஆகிய பக்கங்களுக்கும் வழி விடுவதால், நெடுஞ்சாலையைக் கடக்கும் பழைய பயமும் தீர்ந்தது. குறை என்றால் தூரம். ரயில் நின்ற பிளாட்பாரத்திலிருந்து மெட்ரோ பிளாட்பாரம் வரை வயதானவர்களுக்கு அது நீண்ட நடை. எஸ்கலேட்டரைக் கண்டாலே பின்வாங்கும் என் மாமியார், "ஏம்மா, இதுக்கு ஆட்டோவே தேவலாம் போலிருக்கே" என்றார். லிஃப்ட் இருக்கிறது, அது எந்தப் பக்கம் என்பதைத்தான் தேடவேண்டியிருக்கிறது. வழிகாட்டிப் பலகைகளை முட்டிவலிக்காரர்களை நடக்கவிட்டுப் பார்த்து வைத்தால் நன்றாக இருக்கும்.

சென்ட்ரலின் மணிக்கூண்டும் சிவப்புச் சுவரும் அப்படியே இருக்கின்றன. பெயர்தான் மெட்ராஸ் சென்ட்ரல், சென்னை சென்ட்ரல், 2019-லிருந்து எம்.ஜி.ஆர். சென்ட்ரல் என்று மாறியது. பக்கத்தில் இருந்த மூர் மார்க்கெட்தான் போய்விட்டது. 1985-இல் தீப்பிடித்து அழிந்தது, நான் சென்னைக்கு வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பு. அதன் பழைய புத்தகக் கடைகளைப் பற்றி என் வீட்டுக்காரர் சொல்லிச் சொல்லியே எனக்கும் பார்த்த மாதிரி ஆகிவிட்டது. அந்த இடத்தில்தான் இப்போது ஆவடி, அரக்கோணம், கும்மிடிப்பூண்டி பக்கம் போகும் புறநகர் வண்டிகளின் நிலையம்.

பறக்கும் ரயிலைப் பற்றி எனக்குக் கலவையான அபிப்பிராயம். 1995-இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம், 1997-இல் மயிலாப்பூர், 2007-இல் வேளச்சேரி. உயரத்தில் போவதால் காற்றும் வெளிச்சமும் ஊரின் மொட்டை மாடிகளும் பார்க்கக் கிடைக்கும், மார்கழிக் காலையில் அருமையான பயணம். ஆனால் பல நிலையங்கள் தேவைக்கு மேல் பிரம்மாண்டம். கடைகள் வரும் என்று கட்டிய தளங்கள் வெறிச்சோடிக் கிடந்தன, மாலை ஆறு மணிக்கு மேல் தனியாகப் படியிறங்க நானும் என் தோழிகளும் தயங்குவோம். எழும்பூரில் ஆயிரம் பேருக்கு நடுவில் வராத பயம் இங்கே யாருமே இல்லாததால் வந்தது. பக்கிங்ஹாம் கால்வாயின் மேலேயே தூண்களை இறக்கியதில் கால்வாய் இழந்ததும் கொஞ்சமில்லை. பரங்கிமலையோடு இணைக்கும் ஐந்து கிலோமீட்டர் வேலை 2008-இல் தொடங்கி, கடைசி அரைக் கிலோமீட்டரில் நிலம் தொடர்பான வழக்குகளால் ஆண்டுக்கணக்கில் நின்றது. அந்த ஆண்டுகளில் ஆதம்பாக்கத்தில் நட்டநடுவே முடிந்துபோயிருந்த பாலத்தைப் பார்த்தபோதெல்லாம் எனக்கு மனசு கேட்டதில்லை. தெற்குப் புறநகர்க்காரர்களுக்கு அந்தச் சின்னத் துண்டு எவ்வளவு முக்கியம்!

கடற்கரைக்கும் எழும்பூருக்கும் இடையே நாலாவது பாதை போடுவதற்காக, 2023 ஆகஸ்டிலிருந்து 2024 அக்டோபர் கடைசி வரை பறக்கும் ரயில் கடற்கரைக்கு வராமல் சிந்தாதிரிப்பேட்டையோடு நின்றது. மயிலாப்பூரிலிருந்து வரும் என் சக ஊழியர்கள் ஷேர் ஆட்டோவிலும் பஸ்ஸிலுமாக அலைந்தார்கள். ஆனாலும் அந்தப் பாதை எத்தனையோ வருஷத் தேவை, வெளியூர் வண்டியும் உள்ளூர் வண்டியும் ஒன்றுக்கொன்று வழிவிட்டுக் காத்துக்கிடக்காமல் இருக்க அதுதான் வழி.

ராயபுரத்தை நிறைய பேர் பார்த்தே இருக்க மாட்டார்கள். கடற்கரைக்கு அடுத்த ஸ்டேஷன்தான். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று இங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. இந்தியாவில் இன்றும் நிற்கும் ரயில் நிலையக் கட்டடங்களில் இதுவே மூத்தது. வரிசையாக உயர்ந்த தூண்கள், அகலமான தாழ்வாரம். 2005-இல் புதுப்பித்தார்கள். மதிய நேரத்தில் நான் போனபோது கூட்டமே இல்லை, ஒரு தூணைக் கையால் தொட்டுச் சுற்றிவர முடிந்தது. வடசென்னைக்காரர்கள் இதை மறுபடியும் வெளியூர் வண்டிகள் கிளம்பும் முனையமாக்கச் சொல்லி நெடுங்காலமாகக் கேட்கிறார்கள். நியாயமான கோரிக்கை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பார்ப்பதைவிட, ஜனங்கள் டிக்கெட் எடுத்து ஏறி இறங்குவதுதான் அந்தக் கட்டடத்துக்கு மரியாதை.

எழும்பூரில் சுமார் 735 கோடி ரூபாய் மதிப்பில் மறுசீரமைப்பு நடக்கிறது. 2022 மே மாதம் அடிக்கல் நாட்டினார்கள். காந்தி இர்வின் சாலைப் பக்கம் இருக்கும் பழைய கட்டடத்தைத் தொடாமல், இரண்டு பக்கமும் புது முனையங்கள் கட்டுவது திட்டம். தகர வேலிகளுக்கு நடுவே வழி அடிக்கடி மாறுகிறது, வேலைக்காகச் சில வண்டிகள் தாம்பரத்தோடு நின்ற காலமும் உண்டு. ஆகவே கிளம்பும் முன் வண்டி எங்கிருந்து புறப்படுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள், வழக்கத்தைவிட அரை மணி முன்னதாகப் போங்கள். புது முனையத்தில் லிஃப்டும் விசாலமான காத்திருப்புக் கூடமும் வரட்டும், வரவேற்கிறேன். கூடவே, வாசலில் காரை விட்டு இறங்கும் வயசானவர் பெட்டி வரை எத்தனை அடி நடக்கவேண்டும் என்பதையும் வரைபடம் போடுபவர்கள் கணக்கில் வைக்கட்டும். 1908-இல் அந்தக் கணக்கைப் போட்டிருக்கிறார்கள்.

இப்போது தினப்படி வண்டியில் ஏசியும் வந்துவிட்டது. 2025 ஏப்ரல் 19 முதல் கடற்கரை–செங்கல்பட்டு தடத்தில் ஓடுகிறது. குறைந்தபட்சக் கட்டணம் 35 ரூபாய், சாதாரண வண்டியில் 5. தானாக மூடும் கதவு என்பதால் படியில் தொங்கும் பேச்சே இல்லை. பையன்கள் தொங்கிக்கொண்டு வருவதைப் பார்த்துப் பார்த்துப் பதறியவள் நான், அதற்காகவே இந்த வண்டியை ஆதரிப்பேன். மே மாத மதியத்தில் கிண்டியில் ஏறி குரோம்பேட்டையில் இறங்கினால் வியர்வை இல்லாமல் வீடு சேரலாம். ஆனால் பூக்காரம்மாவும் வீட்டு வேலைக்குப் போகும் பெண்களும் அந்தக் கட்டணத்தில் தினமும் ஏற முடியாது. அவர்கள் நம்பியிருக்கும் சாதாரண வண்டிகளில் ஒன்றைக்கூடக் குறைக்காமல், இவற்றைக் கூடுதலாக விடவேண்டும்.