ஐந்து சந்தியும் ஒரு கட்டு அட்டையும்: நீண்ட நாள் பாவனையில் தெரிந்தவை

சிறுகதையின் காட்சிகளை அட்டைகளில் எழுதி, கலைத்துப் போட்டு, மறுபடி அடுக்கிப் பார்க்கும் முறை புதியதல்ல. அதைத் தமிழ் நாடக இலக்கணம் சொல்லும் ஐந்து சந்திகளோடு, அதாவது கதை வளரும் ஐந்து கட்டங்களோடு, சேர்த்து நீண்ட காலம் பாவித்ததில் உறுதியாகச் சொல்லக்கூடியது இதுதான்: முதல் வரைவு முடிந்த பிறகே அட்டையைக் கையில் எடுக்க வேண்டும். எழுத முன்னரே அட்டை போட்டால், பாத்திரங்கள் அட்டையில் உள்ளதைச் செய்துவிட்டுப் போக மட்டுமே வருவார்கள். எழுதும்போது தானாக வந்து ஒட்டிக்கொள்ளும் விவரங்களுக்கு இடம் இருக்காது. குறையோ நிறையோ ஒருதரம் கடைசி வரை எழுதி, ஒரு கிழமை தொடாமல் வைத்துவிட்டு அட்டைக்கு வந்தால், கதை எங்கே நொண்டுகிறது என்பது அரை மணித்தியாலத்தில் தெரிந்துவிடும்.

பொருட்செலவு மிகக் குறைவு. கடைகளில் வெட்டி விற்கும் 3×5 அங்குல அட்டை நல்லதுதான், ஆனால் அவசியமில்லை. கொழும்புப் புறக்கோட்டை மலிபன் வீதியில் ஒரு பிரிஸ்டல் போட் வாங்கி வெட்டினால், தாளின் அளவைப் பொறுத்து 35 முதல் 40 அட்டை தேறும். மினுக்கம் இல்லாத பக்கத்தில் குமிழ்முனைப் பேனாவால் எழுதுங்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி போன்ற கடலோரப் பகுதிகளில் காற்றின் ஈரத்துக்கு ஜெல் பேனா மை எளிதில் ஊறிப் பரவும். றப்பர் பாண்ட் போட்டு வைத்தால் சில மாதங்களில் இளகி அட்டையோடு ஒட்டிக்கொள்ளும், இரும்புக் கிளிப் கறள் பிடிக்கும், ஆகவே இரண்டும் வேண்டாம், ஒரு கடித உறை போதும். அட்டைகளைத் தரையில் பரப்பினால் மின்விசிறியை நிறுத்த வேண்டிவரும், ஏப்ரல் மாதக் கொழும்பில் அது நடவாது. ஒரு கயிறு கட்டி உடுப்புக் கிளிப்பில் தொங்கவிடுவதே இங்கே நின்றுபிடிக்கும் வழி.

ஒவ்வொரு அட்டையிலும் நான்கு வரி. முதல் வரியில் இடமும் நேரமும். இரண்டாவதில் யாருக்கு என்ன வேண்டும். மூன்றாவதில் எது குறுக்கே நிற்கிறது. நான்காவதில், காட்சி தொடங்கும்போது இருந்த நிலைக்கும் முடியும்போது உள்ள நிலைக்கும் இடையில் என்ன மாறியது. வேலை முழுவதும் அந்த நான்காவது வரியில்தான். அதை எழுத முடியாமல் பேனா நின்றால், அந்தக் காட்சி கதைக்குள் இன்னும் வரவில்லை. அதில் ‘வறுமை’, ‘ஏமாற்றம்’, ‘பெண்ணின் நிலை’ என்று கருப்பொருளை எழுதிவைப்பது அடிக்கடி நடக்கும் பிழை. அவை மாற்றங்கள் அல்ல. ‘அடைவுத் துண்டு தொலைந்தது தெரிகிறது’, ‘கேட்க வந்ததைக் கேட்காமல் திரும்புகிறாள்’ என்று நடந்ததை எழுத வேண்டும்.

அட்டைகளை எழுதிய பிறகுதான் சந்தி பிரிப்பது. சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார் நாடக உறுப்புகளைச் சொல்லுமிடத்தில் சந்தி ஐந்து என்கிறார்: முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல். வயலை வைத்தே விளக்குகிறார். உழுத நிலத்தில் இட்ட வித்து முளைப்பது முகம், இலை விட்டு நாற்றாவது பிரதிமுகம், பயிர் உள்ளே பொருள் பொதிந்து கருக்கொள்வது கருப்பம், கதிர் முற்றித் தாழ்வது விளைவு, அறுத்துத் தூற்றிக் கொண்டுபோய் உண்பது துய்த்தல். ஜேர்மனியரான குஸ்தாவ் பிரைட்டாக் 1863 இல் வகுத்த ஐந்து பகுதி அமைப்பும் பலருக்குத் தெரிந்திருக்கும். அதில் உச்சம் நடுவில் வருகிறது, பிறகு இறக்கம். பெரிய துன்பியல் நாடகத்துக்கு அது சரி. 2000 சொல் கதையில் உச்சத்தை நடுவில் வைத்தால், மீதி ஆயிரம் சொல்லும் வாசகர் ஏற்கெனவே புரிந்துகொண்டதைச் சொல்லிக்கொண்டிருக்கும். சந்தி முறையில் நடுப்பகுதி ஒளித்து வைக்கும் இடம், முற்றுவது நான்காவதில். சிறுகதைக்கு இதுவே கூடுதலாகப் பொருந்துகிறது.

ஒரு கதையை எடுத்துப் பார்ப்போம். வெள்ளவத்தையில் குடியிருக்கும் ஒரு பெண். தம்பியை வெளிநாடு அனுப்பத் தாலிக்கொடியைச் செட்டியார் தெருவில் அடைவு வைத்திருக்கிறாள். மட்டக்களப்பிலிருந்து மாமியார் கோல் எடுக்கிறார்: “புள்ள, சனி விடிய கோட்டையில இறங்குவன். ஞாயிறு கலியாணத்துக்குக் கொடியப் போட்டுட்டு வா.” முதல் வரைவில் ஒன்பது காட்சிகள் வந்தன என்று வைத்துக்கொள்வோம். 1: வியாழன், தொலைபேசி அழைப்பு. 2: சீட்டை முன்கூட்டியே எடுத்துக் காசு சேர்க்கிறாள். 3: தம்பியின் பயணம் பற்றிய நினைவு. 4: வெள்ளி மதியம், அடைவுகடையில் தொகை இரட்டிப்பாக நிற்கிறது, அதே துண்டில் கணவன் மேலும் காசு எடுத்திருக்கிறான். 5: அன்று இரவு கணவனுக்குச் சாப்பாடு போடுகிறாள். 6: கவரிங் கொடி வாங்குகிறாள். 7: கோட்டை ரயில் நிலையம். 8: கலியாண மண்டபத்தில் மாமியாரின் கை கொடியில் படுகிறது. 9: முடிவு.

மூன்றாவது அட்டையில் நான்காவது வரி வெறுமையாக நிற்கும். அடைவு வைத்தது வாசகருக்கு ஏற்கெனவே தெரியும், நினைவு அதைத் திருப்பிச் சொல்கிறது, அவ்வளவுதான். அதே அட்டையைக் கழற்றி நான்குக்கும் ஐந்துக்கும் இடையில் தொங்கவிட்டால் கதை மாறுகிறது. கணவன் செய்தது தெரிந்த பிறகு, “தம்பிக்காகத்தானே, பரவாயில்லை” என்று அன்றைக்கு அவன் சொன்னது வேறு மாதிரிக் கேட்கும். ஒரு சொல்லும் மாற்றாமல் இடத்தை மட்டும் மாற்றியதில் அந்த நினைவுக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது.

ஐந்தாவது அட்டை இன்னும் முக்கியம். பெரும்பாலான வரைவுகளில் கடைக்காரரோடு நடக்கும் பேச்சு ஒன்றரைப் பக்கம் ஓடும், இரவுச் சாப்பாடு இரண்டு வரியில் முடியும். வாய்ச்சண்டை எழுத இலகு, கேட்காமல் இருப்பதை எழுதுவது சிரமம். ஆனால் கருப்பம் இங்கேதான் இருக்கிறது. அவளுக்குத் தெரியும், தெரியும் என்பது அவனுக்குத் தெரியாது, வாசகருக்கு இரண்டும் தெரியும். சொதியை ஊற்றுகிறாள், ‘நாளைக்கு அம்மாவைக் கூட்டிவர எத்தனை மணிக்குப் போக வேணும்’ என்று கேட்கிறாள், அவன் கொடியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை என்பதைக் கவனிக்கிறாள். இந்தக் காட்சிக்கு 400 சொல் கொடுத்தால் எட்டாவது காட்சி தானாக உயரும்.

அளவு என்றால், 2000 சொல் கதைக்கு முகம் 300, பிரதிமுகம் 400, கருப்பம் 700, விளைவு 450, துய்த்தல் 150 என்ற பங்கு நன்றாக வேலை செய்கிறது. அளவுகோல் வைத்து வெட்ட இது அல்ல. முகம் 700 சொல்லுக்கு வீங்கியிருந்தால், அங்கே ஊர் வர்ணனையும் குடும்ப வரலாறும் குந்தியிருக்கும் என்று தெரிந்துகொள்ளத்தான். துய்த்தல் 400 ஆக இருந்தால் யாரோ பிரசங்கம் செய்கிறார். நம் கதைகளுக்கு இந்த இரண்டாவது நோய் அதிகம். மேலுள்ள கதையில், பொன்னையும் பெண்ணையும் பற்றி மாமியார் பேசும் ஒரு பந்தி முதல் வரைவில் நிச்சயம் வந்திருக்கும். கொடியின் பாரமில்லாமையைக் கை அறிந்துவிட்டது. “வீட்ட போய்க் கதைப்பம்” என்று அவர் சொன்னால் போதும். கடைசிப் பந்தியைக் கையால் மறைத்துவிட்டு வாசித்துப் பாருங்கள், கதை முடிந்திருந்தால் அந்தப் பந்தி வேண்டாம்.

அடுக்கிய பிறகு இன்னொரு சோதனை. இரண்டு அட்டைகளுக்கு நடுவில் ‘அதனால்’ அல்லது ‘ஆனாலும்’ போட முடிகிறதா? ‘பிறகு’ மட்டுமே பொருந்தினால் அந்த இணைப்பு இளகி இருக்கிறது. ஒன்றிரண்டு ‘பிறகு’ இருக்கலாம், தொடர்ந்து மூன்று வந்தால் அது நாட்குறிப்பு.

பேச்சுமொழி ஒரு தனித் தொல்லை. கொழும்புக் கதையில் மட்டக்களப்பார், யாழ்ப்பாணத்தார், மலையகத்தார் ஒரே மண்டபத்தில் நிற்பார்கள். எழுதிக்கொண்டு போகும்போது எல்லோரும் எழுதுபவரின் ஊர் பேசத் தொடங்கிவிடுவார்கள். அட்டையின் பின்புறத்தில் அந்தக் காட்சியில் பேசுபவர்களின் ஊரைக் குறித்துவைத்து, ஒருவரின் வசனங்களை மட்டும் கதை முழுவதிலும் தொடர்ச்சியாகச் சத்தமாக வாசித்தால் வழுக்கிய இடங்கள் காதில் விழும்.

கணினியில் விரிதாளிலும் இதைச் செய்யலாம், நாவலுக்கு அதுவே வசதி. ஒரு எச்சரிக்கை. பழைய பாமினி எழுத்துருவில் அடித்த கோப்புகளை முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் பாத்திரத்தின் பெயரைத் தமிழில் தேடினால் கிடைக்காது. மாற்றும்போது நடுவில் இருந்த ஆங்கிலச் சொற்கள் உருக்குலைந்து தமிழ் எழுத்தாகும், அவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். ‘கௌரி’ என்பதை ஔகாரக் குறியோடு அடித்ததும், எகரக் குறியோடு ‘ள’ சேர்த்து அடித்ததும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் தேடலில் இரண்டு பெயர்கள்.

எல்லாக் கதைக்கும் இது ஆகாது. 800 சொல்லுக்குக் குறைந்த கதையை அட்டையாக்கினால் மூன்று அட்டைதான் வரும், அதில் ஐந்து சந்தி தேடுவது வீண். ஒரே மனவோட்டத்தில் ஓடும் கதையிலும் காட்சி பிரிபடாது, அங்கே நான்காவது வரியை மட்டும் பந்திக்குப் பந்தி கேட்டுப் பார்க்கலாம்.

கதையை அனுப்பிய பிறகும் அட்டைக் கட்டை எறியாதீர்கள். ஞாயிறு இதழில் இடம் குறைவு, 2000 சொல்லை 1500 ஆக்கித் தாருங்கள் என்று கேட்கும்போது, வரிக்கு வரி கிள்ளினால் கதை முழுவதும் மெலிந்துபோகும். அட்டைகளைத் தொங்கவிட்டு, எந்த ஒன்றை எடுத்தாலும் ‘அதனால்’ அறாமல் நிற்கிறதோ அந்தக் காட்சியை முழுதாகக் கழற்றுங்கள். மேலே சொன்ன கதையில் அது ஏழாவது. கோட்டை ரயில் நிலையம் எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும், மாமியார் நேரே மண்டபத்துக்கு வந்து நிற்கலாம்.