டப்ளினுக்குக் கருப்பட்டி அனுப்ப ஒரு நல்ல கடை

மூத்த மகள் பெல்ஃபாஸ்டில் செவிலியர். இளையவன் டப்ளினில் இருக்கிறான். இரண்டு ஊரும் ஒரே தீவில்தான், காரில் போனால் சுமார் இரண்டு மணி நேரம். பெல்ஃபாஸ்ட் இருப்பது பிரிட்டனைச் சேர்ந்த வட அயர்லாந்தில், டப்ளின் இருப்பது ஐரோப்பிய ஒன்றியத்தில் உள்ள தனி நாடான அயர்லாந்தில். ஆனால் பார்சல் விதிகள் வேறு வேறு. இது தெரிந்த கூரியர் கடை, நாகர்கோவிலில் நான் பார்த்தவரையில், வடசேரி பஸ் நிலையத்தை ஒட்டிய தெருவில் மாடியில் இருக்கும் ஒன்றுதான்.

கவுன்டரில் இருக்கும் பெண் பெட்டியைத் தொடுவதற்கு முன்பே, "ஐயா, டப்ளினுக்கா, பெல்ஃபாஸ்டுக்கா?" என்று கேட்டார். டப்ளின் என்றதும், லண்டன் வழி வேண்டாம், துபாய் வழியாக நேரே அனுப்பலாம் என்றார். காரணம் இருக்கிறது. பிரிட்டன் 2020 ஜனவரி 31 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியது. இடைக்கால ஏற்பாடும் அந்த டிசம்பரோடு முடிந்தது. அதுவரை லண்டனில் சுங்கம் முடித்த சரக்கு டப்ளின் வரை தடையில்லாமல் போகும். இப்போது அது அயர்லாந்துக்குள் மறுபடியும் வெளிநாட்டுச் சரக்கு.

பழைய லண்டன் வழியை இன்னும் விடாத வேறொரு நிறுவனத்திடம் முன்பு கொடுத்த பெட்டி, 'வீட்டுப் பொருட்கள்' என்ற ஒற்றைக் குறிப்போடு போய் டப்ளின் சுங்கத்தில் மாட்டிக்கொண்டது. வரியும், அதைக் கட்டிக்கொடுத்த கூலியும் மகன் தலையில் விழுந்தன. முந்திரிக்கொத்து கையில் கிடைத்தபோது காறல் வாடை அடித்ததாம்.

இங்கே கருப்பட்டி, ஏத்தங்காய் சிப்ஸ், நார்த்தங்காய் ஊறுகாய் என்று தனித்தனியாக எடையும் விலையும் எழுதுகிறார்கள். அன்பளிப்பென்றால் பிரிட்டனுக்கு 39 பவுண்டு, அயர்லாந்துக்கு 45 யூரோ மதிப்பு வரை இறக்குமதி வரி இல்லை என்பதையும் அவரே சொன்னார்.

மகளுக்கான பெட்டியிலிருந்து நெய்ப் பாட்டிலை எடுத்து வெளியே வைத்தார். பெல்ஃபாஸ்ட் பிரிட்டன்தானே என்று வாதாடினேன். வட அயர்லாந்து சரக்கு விஷயத்தில் பெரும்பாலும் ஐரோப்பிய விதிகளையே பின்பற்றுகிறது, அந்த விதிப்படி நம் நெய் போகாது, தீவின் நடுவே சாவடி வரக்கூடாது என்பதற்காகச் சோதனையைக் கடல் துறைமுகங்களுக்கு மாற்றிவிட்டார்கள் என்று பொறுமையாக விளக்கினார். லண்டனுக்கும் நம் நெய் போகாதாம், அது வேறு.

கேரள எல்லைப் பக்கம் களியக்காவிளையிலும் அமரவிளையிலும் லாரிகள் வரிசைகட்டி நின்றதைப் பார்த்து வளர்ந்தவன் நான். நமக்கு 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்து வரிச் சாவடிகள் போயின. அவர்களோ ஒரே நாட்டுக்குள் புதிதாகச் சாவடி வைத்துக்கொண்டார்கள்! 2023 பிப்ரவரியில் பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியமும் வின்ட்சரில் பேசி முடித்து, பிரிட்டனிலிருந்து வந்து வட அயர்லாந்திலேயே விற்கிற சரக்குக்குப் பச்சை வழி, தெற்கே அயர்லாந்துக்குப் போகக்கூடியதற்குச் சிவப்பு வழி என்று பிரித்தார்கள். மகள் வாங்கும் இறைச்சிப் பாக்கெட்டில் 'ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அல்ல' என்றே அச்சிட்டிருக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000 ஆல் வகுத்து, வருவதைக் கிலோவாக வைத்துக் கட்டணம் போடுகிறார்கள். மூன்று பக்கமும் 40 சென்டிமீட்டர் உள்ள என் பெட்டி தராசில் ஒன்பது கிலோ, ரசீதில் பதின்மூன்று. எல்லா கூரியரிலும் உள்ள கணக்குதான், ஆனால் பணம் வாங்கும்போதா சொல்வது? சிப்ஸ் அனுப்புகிறவர்கள் சின்னப் பெட்டியில் நெருக்கி அடுக்குங்கள். கருவாடு எடுக்கமாட்டார்கள், மற்றவர் பெட்டிக்கும் வாசம் ஏறிவிடும் என்கிறார்கள், நியாயம்தான்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். மதியத்துக்கு மேல் அந்தப் பெண் இருப்பதில்லை. மாலையில் இருக்கும் பையனுக்கு பெல்ஃபாஸ்டும் டப்ளினும் ஒன்றுதான், ஆகவே காலையிலேயே போங்கள்.