மரத்தில் தொங்கி மான் வேட்டை: 8 மி.மீ. கயிறா, 11 மி.மீ. கயிறா?

அமெரிக்காவில் வெள்ளைவால் மானுக்காக மரமேறுகிறவர்கள் பலர் இப்போது இரும்புப் பரணைச் சுமப்பதில்லை. சேடில் என்ற துணி இருக்கையை இடுப்பில் கட்டி, கயிற்றில் சாய்ந்தபடி காத்திருக்கிறார்கள். முதுகுச் சுமை குறைய வேண்டும் என்று எல்லாக் கயிறுகளையும் 8 மி.மீ.க்கு மாற்றுவது சரியான யோசனை அல்ல.

டெதரை எடுத்துக்கொள்ளுங்கள். நெற்றி உயரத்தில் மரத்தைச் சுற்றிப் போட்டு உடல் எடையை ஏற்றும் கயிறு அது; இரண்டரை மீட்டர் போதும். 11 மி.மீ. கயிறு மீட்டருக்குச் சுமார் 80 கிராம், 8 மி.மீ. சுமார் 45 கிராம். மிச்சம் 90 கிராம்கூட வராது. அதற்காக இழப்பது அதிகம். டெதரின் நீளத்தைக் கூட்டிக் குறைக்க உதவும் ரோப்மேன் 1 கவ்வி 10 முதல் 11 மி.மீ. கயிற்றுக்கானது, 8 மி.மீ.யில் அதைப் போடவே கூடாது. கையுறை போட்ட கைக்கும் மெல்லிய கயிறு பிடிபடாது. டெதருக்கு ஸ்டெர்லிங் எச்டிபி 11 மி.மீ.தான் எங்கள் தேர்வு. முழுக்க பாலியெஸ்டர் என்பதால், நைலானைப் போல ஈரத்தை உறிஞ்சித் தொய்வதில்லை. ஆனால் இழுபடாத கயிறு விழுகிற அதிர்ச்சியையும் வாங்கிக்கொள்ளாது. இரண்டடி தளர்வு விட்டு விழுந்தால் அடி முழுவதும் இடுப்பில்தான். டெதர் எப்போதும் விறைப்பாகவே இருக்கட்டும்.

மெலிய வேண்டியது இறங்கும் கயிறு. கால்தட்டு 6 மீட்டரில், கயிறு அதற்கு மேல் 1.7 மீட்டரில், மரம் 40 செ.மீ. விட்டம் என்றால் சுற்றளவுக்கு மட்டும் 1.25 மீட்டர். முடிச்சுக்கும் நுனிக்கும் சேர்த்து 10 மீட்டர் வாங்குங்கள். இங்கே 350 கிராம் குறையும். மரத்தைச் சுருக்கிட்டு ஒற்றைக் கயிற்றில் இறங்குவதாகக் கொண்ட கணக்கு இது. கீழிருந்து சுருக்கை இழுத்தெடுக்க 4 மி.மீ. பாராகார்டு என்ற மெல்லிய கயிறு தனியாக வேண்டும். அதில் ஆளைத் தொங்கவிடவே கூடாது.

இந்த வேலைக்கு ஸ்டெர்லிங் ஓப்லக்ஸ் 8 மி.மீ. நல்ல கயிறு. டெக்னோரா என்ற செயற்கை இழையால் ஆன அதன் உறை உராய்வுச் சூட்டைத் தாங்குகிறது. இறங்கும் கருவியில்தான் பலர் தவறுகிறார்கள். தானே கயிற்றைப் பிடித்து நிறுத்தும் கிரிகிரி என்ற கருவியின் வரம்பு 8.5 மி.மீ.யில்தான் தொடங்குகிறது, ஆகவே இதற்கு ஆகாது. எட்டு வடிவ வளையத்தில் மெல்லிய கயிறு விறுவிறுவென ஓடும், அதனால் வளையத்துக்குக் கீழே புருசிக் (எடை ஏறினால் இறங்கும் கயிற்றை இறுகப் பிடிக்கும் சுற்று முடிச்சு) கட்டாயம். புருசிக் கயிறு 5 அல்லது 6 மி.மீ. இருக்கட்டும். 8 மி.மீ. கயிற்றில் 8 மி.மீ. புருசிக் கவ்வாமல் வழுக்கும். டைனீமா என்ற இழையால் மட்டுமே ஆன கயிற்றைப் புருசிக்காகப் போடாதீர்கள்: வழவழப்பானது, சுமார் 150 டிகிரியிலேயே உருகிவிடும். கால்தட்டை விட்டு இறங்குமுன் முழு எடையையும் புருசிக்கில் ஏற்றிப் பாருங்கள். ஒரு விரற்கடை நகர்ந்தாலும் இன்னொரு சுற்றுப் போடுங்கள். கயிற்றின் கீழ்நுனியில் தடுப்பு முடிச்சு இல்லாமல் இறங்காதீர்கள்.

டெக்னோராவுக்கு வெயில் ஆகாது, வண்டியின் பின்கண்ணாடி அருகே போட்டு வைக்காதீர்கள். பைன் பிசின் ஒட்டினால் மிதமான சோப்பு நீரில் கழுவி நிழலில் உலர்த்துங்கள். டெதரில் கவ்விக்குப் பதிலாகப் புருசிக் கட்டினால், அது தினமும் ஒரே இடத்தில் உட்காருவதால் அங்கே உறை கண்ணாடிபோல மினுங்கத் தொடங்கும். அந்த இடத்தை விரலிடையில் வளைத்துப் பாருங்கள். வளைவு உருண்டையாக நிற்காமல் தட்டையாக மடிந்தால் உள்ளிழை போய்விட்டது. அந்தக் கயிற்றைத் துண்டு துண்டாக வெட்டிப் போடுங்கள், வேறு யாரும் எடுத்துக் கட்டிவிடாதபடி.